வாசல் வரை வந்த ஜீப்

அஸ்திவாரம் சரியில்லை என்று சொல்லி, அரசு வீட்டுத் திட்டத்திலிருந்து தனபாக்கியத்தின் பெயரை அடித்துவிட்டார் பொறியாளர் சாம்பமூர்த்தி. குறைதீர்ப்பு நாளில் அவள் கலெக்டரம்மா முன்னால் போய் நின்றாள்.

"இவரு எங்க வீட்டைப் பார்க்கவே இல்லீங்கம்மா."

பொறியாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஃபைல்ல 'சீன்', அதாவது பார்த்தாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இங்கிலீஷ்ல 'சீ'ன்னா வெறுமனே கண்ணால பார்க்கிறது இல்லை. புரிஞ்சுக்கிறது, விசாரிக்கிறது, நேர்ல போய்ச் சந்திக்கிறது, எல்லாம் அதுல அடக்கம். நான் பார்க்கலைன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

"படிச்சவங்க சொன்னா சரிதாங்க" என்றாள் அவள், பணிவாக. "நீங்க வந்த அன்னிக்கு நல்ல மழையாச்சே, ஜீப்பு எங்கயும் சேத்துல மாட்டலியே சார்?"

"மாட்டுறதாவது! உன் வாசல்லயே கொண்டுவந்து நிறுத்தினேன்."

பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"எங்க ஊரு ஏரிக்கு நடுவுல இருக்கிற திட்டுங்கம்மா. படகுலதான் வரணும்" என்றாள் தனபாக்கியம்.

கலெக்டர் சிரிக்கவில்லை. அடித்த பெயரை அங்கேயே திரும்பச் சேர்க்கச் சொன்னார். "நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன். படகு கிடைக்குமா?"

"நானே துடுப்பு போடுறேம்மா. சார் வேணும்னா ஜீப்புலயே வரட்டும்."