அசையாத முப்பத்தேழரை

நம்புகிறவர்கள் நம்பட்டும். பொற்கொடி மேடம் ஒரு சர்க்யூட் பலகையை முறைத்துப் பார்த்தால், அது தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு தேம்பும் என்று நாமக்கல் பக்கம் பேச்சு உண்டு.

மேடத்துக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. அவரிடம் கணினி நிரல் கற்கும் சீடர் சிங்காரவேலுவோ தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்று, பேத்திக்குப் போட்டியாக நிரல் எழுதக் கிளம்பியவர்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, மாரப்பனின் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில். இன்குபேட்டருக்குள் தொங்கும் சென்சாரிடம் சூடு எவ்வளவு என்று கேட்டு, திரையில் காட்டி, ஹீட்டரை ஏற்றி இறக்கும் டிரைவர் நிரல். முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரி வேண்டும். ரொம்பக் கூடினாலும் குறைந்தாலும் குஞ்சு உள்ளேயே செத்துப்போகும்.

நிரல் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவ்வப்போது, சென்சாரைப் படிக்க முடியவில்லை என்று 'கீங் கீங்' எனக் கத்தும். அடுத்த மூச்சில் சரியாகிவிடும்.

"ஏனுங்க, காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்குதுங்க," என்றார் மாரப்பன். "ஒண்ணு அது வாயை மூடோணும். இல்லாட்டி உங்க பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்புங்க."

சிங்காரவேலு அதன் வாயை மூடினார். படிக்க முடியாவிட்டால், கடைசியாகப் படித்த எண்ணையே காட்டு என்று ஒரு வரி சேர்த்தார், அவ்வளவுதான். அப்படியொரு அமைதி! எண் ஆணி அடித்த மாதிரி நின்றது. மாரப்பன் மகிழ்ந்துபோய்த் திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

மேடம் பார்க்க வந்தார். இன்குபேட்டரின் பின்பக்கம் போனார், எதையோ திருகினார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"டீ கிடைக்குங்களா?"

டீ வந்தது.

"பாத்தீங்களா மேடம், முப்பத்தேழரை!" என்றார் சிங்காரவேலு. "காலையில இருந்து ஒரு புள்ளி அசையல."

"அடேங்கப்பா," என்றார் மேடம். "எங்க டிரைவரெல்லாம் இப்படி நிக்காதுங்க சார்."

சிங்காரவேலுவுக்கு உச்சி குளிர்ந்தது.

மேடம் வாய் துடைக்கக் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். கைக்குட்டைக்கு முன்னால் வேறொன்று வந்தது. அதை மேசையில் வைத்தார்.

சென்சார். வாலில் அரை முழம் வயர்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். முப்பத்தேழரை.

"எனக்குப் பாடம் சொல்லத்தானே பிடுங்கினீங்க, மேடம்?" என்றார் சிங்காரவேலு.

"நான் பிடுங்கலைங்க. அறுந்து கீழே கிடந்துச்சு."

வயரின் நுனியில் பல் தடம். மாரப்பன் குனிந்து பார்த்தார்.

"கொசு இல்லீங்க," என்றார் மேடம் அவரிடம். "எலி. அது கடிச்சுக் கடிச்சு வயர் விட்டுவிட்டுத் தொட்டப்பெல்லாம் இந்தப் பெட்டி கத்தியிருக்கு."

"ஐயோ, என் முட்டை!"

"பயப்படாதீங்க. பழைய சூடுமானியைப் பாத்து, ஹீட்டரைக் கையால திருகி வெச்சுட்டுத்தான் டீ கேட்டேன். இன்னும் ரொம்ப ஆறலை. பொழைச்சுக்கும்." பிறகு சீடரின் பக்கம் திரும்பினார். "வயர் எப்ப அறுந்துச்சுங்க சார்?"

சிங்காரவேலு திரையைப் பார்த்தார். அது உதவவில்லை.

"தெரியலைங்க மேடம்."

மாரப்பன் இன்குபேட்டரிடம் ஓடினார். புது வயர் மாட்டியாயிற்று. சிங்காரவேலு தான் சேர்த்த வரியை அழித்துவிட்டு, விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடி நின்றார்.

"ஒரு தரம் பதில் வரலைன்னா மறுபடி கேக்கச் சொல்றேன், எச்சரிக்கையும் கத்தட்டும். ஆனா, எத்தனை தரம் கேட்டும் பதிலே வரலைன்னா? திரையில எதையாவது காட்டணுமே, மேடம். எதைக் காட்டட்டும்?"

"வயர் எப்ப அறுந்துச்சுன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"இன்னைக்கு இந்த அறையில நான் கேட்ட நல்ல பதில் அது ஒண்ணுதானுங்க. திரைக்கும் அதையே சொல்லிக் குடுங்க."