தங்க டப்பா ஆயில் சீல்

"ஆயில் சீல் செய்யற நாலு கம்பெனியையும் நாமளே வாங்கியாச்சுப்பா. இனிமே சரக்கு ஒண்ணுதான், டப்பாதான் வேற." வாசலில் நின்று போனில் சிரித்தார் ஆயில் சீல் கம்பெனியின் மேலாளர் பத்மநாபன். ஃபோர்க்லிஃப்ட் உதிரிபாகக் கடைக்குள் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் காதில் அது விழுந்தது.

உள்ளே வந்தவர் புது விலை ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, கடைக்காரர் முத்தரசுவை மிரட்டினார். "மலிவு ஆயில் சீலை நிறுத்தியாச்சு. இனி தங்க டப்பாதான், இரட்டை விலை. முடியாதுன்னா டீலர்ஷிப் ரத்து. தரம் பார்த்தாலே தெரியுமே!"

"பார்த்தாலே தெரியுமா சார்?" என்ற ஜெசிந்தா, அந்த வாரம் வந்த மலிவு டப்பா, தங்க டப்பா இரண்டையும் பிரித்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் அந்த ரப்பர் வளையங்களைத் தட்டில் ஒன்றாகக் கலந்தாள். "உங்க தங்க சீலைப் பொறுக்கிக் கொடுங்க சார். இரட்டை விலைக்கே எடுத்துக்கறோம்."

அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே அச்சு எண்.

"சீக்கிரம் சார், வண்டி நிக்குது!" என்றார் காத்திருந்த மெக்கானிக். கடையே சிரித்தது.

பத்மநாபன் பேனாவை எடுத்தார். ஒப்பந்தத்தில் புது விலையை அடித்துவிட்டு, பழைய விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.