ஊஞ்சலுக்கு வந்த சோதனை

ஆடியே அகிலம் காக்கும் தில்லைக் கூத்தன் தாள் போற்றி!

ஓர் அரசுப் பள்ளியில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் சிகிச்சை அறையில் ஊஞ்சல் ஒன்று இருந்தது. அதில் ஆடிவந்தால்தான் சிறுவன் நம்பிக்குப் பாடம் மனத்தில் ஏறும். பார்வையிட வந்த அதிகாரி தாண்டவராயர் நாற்காலியில் அமர்ந்து, ஊஞ்சலில் ஆடிய நம்பியைச் சுட்டி முழங்கினார்: “பள்ளியில் ஊஞ்சலா? நான் பேசி முடிக்கும்வரை இவன் அசையாமல் உட்காரட்டும்; இல்லையேல் அறையைப் பூட்டுங்கள்!”

வந்தது முதல் அவர் கால்மேல் ஒரு கண் வைத்திருந்த சிறப்பாசிரியை செங்கமலம் கைகூப்பினார். “ஆகட்டும், ஐயா. பிள்ளை பார்த்துத்தான் பழகுவான். தாங்கள் முதலில் அசையாமல் இருந்து காட்டுங்கள்.”

“இதென்னம்மா பெரிய வித்தை!”

நிமிர்ந்து அமர்ந்தார். மறுகணமே வலக்கால் தானாக ஆடிற்று. மேசைமேல் தேநீர்க் கோப்பை தாளம் போட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர்.

“தங்களுக்கு ஆட நாற்காலியே போதும், ஐயா; அவனுக்குத்தான் ஊஞ்சல் வேண்டும்” என்றார் செங்கமலம்.

அதிகாரி முழங்காலை இறுகப் பிடித்தபடி, “சரி, இருக்கட்டும்” என்றார்.

இதைக் கேட்டோர் இல்லத்துப் பிள்ளைகள் தத்தம் தாளத்தில் ஆடித் தழைக்கக் கூத்தன் அருள்க!