கல்லின் மேல் வழக்குப் போட்ட வரையாடு

ஒரு மலைக்காட்டில் மலைக்கொழுந்து என்றொரு வரையாடு இருந்தது. செங்குத்துப் பாறையிலும் சறுக்காமல் ஓடும் என்று பேர் வாங்கிய ஆடு அது. முதுகு முழுக்க வெளுத்த பிறகும், தன் கால்கள் இன்னும் குட்டிக் கால்கள்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

அந்தக் கோடையில் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் மிஞ்சியது. அங்கே போகும் பாதையோ ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம்.

ஒரு நாள் காலையில் அந்தப் பாதையில் மலைக்கொழுந்து குப்புற விழுந்தது. முழங்கால் சிராய்த்துவிட்டது. எழுந்து பார்த்தால், பக்கத்தில் மாங்காய் அளவில் ஒரு கல் கிடந்தது. மலைக்கொழுந்து நேராகக் காட்டுத் தலைவி தேனம்மாளிடம் போய், அந்தக் கல் வேண்டுமென்றே தன் காலை வாரிவிட்டதாகப் புகார் கொடுத்தது.

தேனம்மாள் ஒரு கரடி. யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடும். கல்லைக் கைது செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனால் அவ்வளவு பொல்லாத கல்லைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே கிடந்த இடத்திலேயே அதைச் சிறை வைத்து, கூரான் என்னும் முள்ளம்பன்றியைக் காவலுக்கு நிறுத்தினார்கள். தண்ணீருக்குப் போன விலங்குகள் எல்லாம் கைதியைத் தள்ளி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

மாலையில் மலைக்கொழுந்து அங்கே வந்தது. கல்லுக்கு எதிரே படுத்துக்கொண்டு அதை வாயாரத் திட்டியது. கல் மறுத்துப் பேசவில்லை. திட்டி முடித்த திருப்தியில் மலைக்கொழுந்து சட்டென்று எழுந்தது. தலை சுற்றியது, கண் இருட்டியது. ஓர் அடி வைத்ததும் அதே கல் தடுக்கி விழுந்தது. பின்னங்கால்கள் இரண்டும் பள்ளத்தின் மேல் தொங்கின. கூரான் பாய்ந்து அதன் கொம்பைப் பல்லால் கவ்வி இழுத்து மேலே ஏற்றியது.

இப்போது கல்லின் மேல் கொலை முயற்சி வழக்கு. தேனம்மாள் பாதைக்கே வந்து விசாரித்தது. கல்லைப் பள்ளத்தில் தள்ள வேண்டும் என்று மலைக்கொழுந்து கேட்டது.

"கைதி என்ன செய்தான்?" என்று தேனம்மாள் காவலாளியைக் கேட்டது.

"அசையவே இல்லை, அம்மா. நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கால்தான் உயரவில்லை" என்றது கூரான்.

மலைக்கொழுந்துக்குக் கோபம் வந்துவிட்டது. கூரான் தன் முள் ஒன்றை உதிர்த்துத் தரையில் போட்டு, அதைத் தாண்டச் சொன்னது. மலைக்கொழுந்து பாறையைத் தாவுவது போல நெஞ்சை நிமிர்த்திக் காலைத் தூக்கியது. குளம்பு முள்ளில் இடித்தது. மறுபடி தூக்கியது. மறுபடியும் இடித்தது.

மலைக்கொழுந்து குனிந்து தன் காலைப் பார்த்தது.

"நான் உயரத் தூக்கியதாகத்தானே நினைத்தேன்" என்றது மெதுவாக.

கல்லை விடுதலை செய்தார்கள். கல் அங்கிருந்து போகவில்லை. தேனம்மாள்தான் அதைப் பாதையோரமாக எடுத்து வைத்தது.

அதன் பிறகு மலைக்கொழுந்து தூங்கி எழுந்ததும் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நிற்கும். நல்ல வெளிச்சத்தில் கிளம்பும். பாறைச் சுவரில் விலாவை உரசிக்கொண்டு, மற்ற ஆடுகளை முன்னே போகவிட்டு, ஒவ்வோர் அடியாக வைக்கும். சுனைக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். ஆனாலும் மழை வரும்வரை ஒரு நாள்கூடத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததில்லை.

நீதி: வயதால் உடம்பு மாறியதை ஒப்புக்கொண்டு நடப்பவருக்கே வழி பாதுகாப்பாகும்.