தும்மிய யானையை அழித்த கதை

கல்மேட்டு நாட்டு ராஜா வீரகண்டனுக்குக் கோபமும் அதிகம், பசியும் அதிகம். அவர் சபையில் ஒரு கணிப்பொறி இருந்தது. ராஜா காலத்தில் கணிப்பொறி ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கதை சொல்கிற வேலை இருக்கிறது.

அந்தப் பொறிக்கு நிரல் எழுதுகிறவள் செண்பகவல்லி. அரண்மனையில் வாழும் ஒவ்வொரு உயிரையும் அவள் ஒரு பெயரில் கட்டி வைத்திருந்தாள். நிரல்காரர்கள் இதை 'மாறி' என்பார்கள். காலையில் பொறி பெயர்களை வாசிக்கும். எந்தப் பெயரில் எந்த உயிர் கட்டியிருக்கிறதோ, அதற்கேற்ற தீனி அந்தப் பெயருக்குரிய இடத்துக்குப் போகும். எந்தப் பெயரிலும் கட்டாத விலங்கு என்றால் கோட்டைக் கதவைத் திறந்து காட்டுக்கு விரட்டிவிடும்.

ஒருநாள் ஊர்வலத்தில் பட்டத்து யானை ராஜாவின் முகத்தில் தும்மிவிட்டது. கிழட்டு யானை, கண்ணும் மங்கல். ராஜாவுக்கு மீசை துடித்தது.

"அழி அதை!" என்று கத்தினார்.

"அரசே, காட்டுக்குப் போனால் பாவம் பிழைக்காது" என்றாள் செண்பகவல்லி.

"ராஜகட்டளை! பெயரை அழி!" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார் மந்திரி சோலையப்பர். செண்பகவல்லியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அவள் எல்லோர் கண்முன்னாலும் 'பட்டத்துயானை' என்ற பெயரை அழித்தாள்.

மறுநாள் காலை மந்திரி தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். "மோசம் போனோம் அரசே! யானை இங்கேதான் இருக்கிறது. தீனி வரவில்லை என்று என் வாழைத்தோட்டத்தில் புகுந்துவிட்டது! இவள் கட்டளையை மீறிவிட்டாள். தலையை வாங்குங்கள்!"

"என்ன சொல்கிறாய் செண்பகவல்லி?"

"பெயரை அழித்தேன் அரசே. பெயர் வெறும் கயிறுதானே? ஒரு கயிற்றை அறுத்தேன். இன்னொரு கயிறு யானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது."

"அதையும் அறு!" என்றார் மந்திரி.

"அது அரசர் கட்டிய கயிறு. அரசே, போரில் ஜெயித்து வந்த அன்று யானையைக் கட்டிப்பிடித்து, 'இனி வீரகண்டன் என்றால் இவன்தான், பொறியில் எழுது' என்றீர்களே? எழுதிவிட்டேன். அன்றிலிருந்து 'வீரகண்டன்' என்ற பெயரில் யானைதான் கட்டியிருக்கிறது."

ராஜா யோசித்தார். முகம் மெல்ல மாறியது. "அப்படியானால்... காலையில் எனக்கு அண்டா அண்டாவாகச் சர்க்கரைப் பொங்கல் வருவது?"

"யானைக்குரிய அளவு."

"கூடவே கரும்புக் கட்டு வருவது?"

"அதுவும்தான்."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "ஓய், 'மன்னர் பெருமைக்கு ஏற்ற பலகாரம்' என்றீரே!"

மந்திரி தலைப்பாகையைச் சரிசெய்வதில் மும்முரமானார்.

செண்பகவல்லி விரலைப் பொறிமேல் வைத்தாள். "இந்தக் கயிற்றையும் அறுத்தால் யானை காட்டுக்குப் போய்விடும். நாளைக் காலை உங்கள் இலைக்கு ஒன்றும் வராது. அறுக்கட்டுமா?"

"கையை எடு!" என்று பதறிய ராஜா, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "தும்மினால் தும்மட்டும். யானைக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடு."

"ஆகட்டும். உங்கள் பெயரிலும் இனி உங்களையே கட்டிவிடுகிறேன். பழையபடி நாலு இட்லி வரும்."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதற்கு அவசரம் ஒன்றுமில்லை."