ஒதுக்கின அரிசி

ஆற்றுப்பாலம் தாண்டியதும் வருகிற மடத்துக்கு லாரிச் சாமி மடம் என்று பெயர். சாமி முன்பு லாரி ஓட்டியவர். வயது நாற்பதுகூட இருக்காது. அவருடைய சீடர் சிதம்பரவடிவுக்கு ஐம்பத்தேழு. பேரூராட்சியில் செயல் அலுவலர். ஊரில் வரி வசூலிப்பதும், டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற பணத்தைச் செலவழிப்பதும் அவர் கையெழுத்தில்தான் நடக்கும்.

நேர்மையானவர். அவரைத் திட்டுகிறவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவார்கள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவர் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்துச் சாமியின் காலடியில் வைத்தார்.

"என்னவே இது?"

"சுதந்திர தினத்தன்னைக்கு மேடையில வச்சுக் குடுத்தது சாமி. இனி இது எனக்கு வேண்டாம்."

"வாசியும்."

"ஒதுக்கப்பட்ட நிதியை நிதியாண்டுக்குள் முழுமையாகச் செலவிட்டமைக்காக."

"முழுமையான்னா?"

"ஒத்தப் பைசா திரும்பிப் போகல."

"நல்ல காரியம்தானே. எங்க செலவழிச்சீரு?"

"மேட்டுத்தெரு ரோட்டுல," என்றார் சிதம்பரவடிவு.

மேட்டுத்தெரு என்பது இப்போது பேரில் மட்டும்தான். முப்பது வருடத்துக்கு முன்பு அந்த வீடுகளுக்கு மூன்று படி ஏறிப் போவார்கள். ரோட்டின் மேல் ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் போட எஸ்டிமேட்டில் இடமில்லை என்பார்கள். மற்ற சுரண்டலுக்கெல்லாம் யாரும் எஸ்டிமேட் பார்ப்பதில்லை.

இந்த ஐப்பசி மழையில் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் அந்த வீடுகளுக்குள் இறங்கியது. சுற்றின பீடியைக் கடையில் கொடுக்கப் போன பேச்சித்தாய் திரும்பி வருவதற்குள், பாயில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அம்மா போய்விட்டாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். எழுந்து உட்கார முடியாதவளுக்கு அது போதும்.

"நான் ஒத்தப் பைசா திங்கல சாமி. காண்ட்ராக்டரும் ஏமாத்தல. தார் கனத்த நானே நின்னு அளந்து பாத்தேன். அப்புறம் அந்த அம்மாவ யாரு கொன்னது?"

"ரோட்டுக்குப் பதிலா வாறுகால் வெட்டியிருக்கலாமேவே. மழைத்தண்ணி ஓடியிருக்கும்."

"பணம் ரோடுன்னு தலைப்புப் போட்டு வந்தது சாமி. வாறுகாலுக்கு ஒதுக்கல. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவழிக்கலன்னா திரும்பிப் போயிரும்."

"எங்கேர்ந்து வந்தது அந்தப் பணம்?"

"டெல்லியிலேர்ந்து."

"டெல்லிக்கு?"

"சனங்க குடுக்க வரிதான். தீப்பெட்டி வாங்கினாக்கூட வரி உண்டே சாமி."

"பேச்சித்தாய் தீப்பெட்டி வாங்குவாளா?"

"வாங்குவா."

சாமி சான்றிதழை எடுத்து அடுப்படிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். "அது இங்க கெடக்கட்டும். பிடியரிசி வந்திருக்கு, வாரும்," என்றார்.

மடத்துக்கு வேறு வருமானம் கிடையாது. சுற்றியிருக்கிற தெருக்களில் வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை போய் அதை வாங்கி வந்தால், வாரம் முழுவதும் மத்தியானம் வருகிறவர்களுக்குக் கஞ்சி. மேட்டுத்தெரு ஒரு நாள் தவறாமல் போடும். கஞ்சிக்கு வருவதும் பெரும்பாலும் மேட்டுத்தெருதான். இதுவரை எல்லா அரிசியும் ஒரே டிரம்மில்தான் கிடந்தது.

"இந்த வாரம் உம்ம ஆபீஸ் மாதிரி நடத்துவோம்," என்றார் சாமி. "நான் மேலிடம். நீரு ஆபீசர்."

அன்றைக்கு முதல்முறையாகச் சிதம்பரவடிவு சிரித்தார். மூன்று டிரம்களைத் துடைத்து வரிசையாக வைத்தார். சாமி சொல்லச் சொல்லச் சாக்கட்டியால் எழுதினார். தைப்பூசத்துக்கு இருபது படி. கும்பாபிஷேகத்துக்கு ஐந்து படி. மீதிப் பதினைந்து படி கஞ்சிக்கு. தலை தட்டி அளந்து போட்டார். சாமி கேட்காமலே முதல் இரண்டு டிரம்களின் மூடியைக் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரையும் வைத்தார்.

"இப்பத்தான் மடம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு சாமி."

"வேற ஏதாவது கேக்கணுமாவே?"

"ஒண்ணும் இல்ல சாமி. எல்லாம் தெளிவா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமையும் திங்கள்கிழமையும் ஓடின. செவ்வாய்க்கிழமை கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம். புதன்கிழமை கஞ்சி டிரம்மின் அடி தெரிந்தது.

மத்தியானம் நாற்பது பேர் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்கள். முதல் ஆளாகப் பேச்சித்தாய்.

"போய்ச் சொல்லும்," என்றார் சாமி.

"என்னன்னு சொல்ல?"

"உமக்குத் தெரியாததா?"

சிதம்பரவடிவு வாசலுக்குப் போனார். "இன்னைக்குக் கஞ்சி இல்லம்மா."

"அரிசி தீந்துட்டாய்யா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "அரிசி இருக்கு. கஞ்சிக்குன்னு ஒதுக்கினதுதான் தீந்துட்டு."

பேச்சித்தாய்க்குப் புரியவில்லை. "உள்ள இருக்கது நாங்க போட்ட அரிசிதானேய்யா?"

"ஆமா. அது பூசத்துக்கு ஒதுக்கினது. உங்களுக்கு இந்த வாரம் இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கு."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அம்மா செத்த அன்று வீட்டுக்குள் இறங்கி வந்து முழங்கால் தண்ணீரில் நின்ற மனிதர் என்று அவளுக்குத் தெரியும். கோபப்படவில்லை.

"எங்கள ஒதுக்கித்தான் எத்தனையோ வருசம் ஆச்சே," என்றாள்.

தூறல் விழுந்தது. குடை கொண்டு வந்தவர்கள் யாருமில்லை. காலித் தூக்குச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பாலத்தைப் பார்த்து நடந்தார்கள்.

சிதம்பரவடிவு உள்ளே ஓடினார். சாமி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பூச டிரம்ம ஒடச்சிருதேன் சாமி."

"அது பூசத்துக்கு ஒதுக்கினதுல்லா?"

"பூசத்துக்கு ரெண்டு மாசம் கெடக்கு. இவங்களுக்கு இன்னைக்குப் பசிக்கு."

"அப்ப சட்டம்?"

"சட்டம் நாம போட்டதுதானே. மேலிடம் நீங்கதானே சாமி. கேட்டா மாத்திக் குடுக்க மாட்டியளா?"

"கேட்டாக் குடுப்பேன்."

"கேக்குதேன். குடுங்க."

சாமி எழுந்து அரிவாளால் கயிற்றை அறுத்தார். சிதம்பரவடிவு வாசலுக்கு ஓடி, "நில்லுங்கம்மா, கஞ்சி உண்டு," என்று கத்தினார். பாலத்தருகே பேச்சித்தாய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோதுதான் அடுப்பைக் கவனித்தார். பெரிய பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"உலை எப்ப வச்சிய சாமி?"

"காலையிலயே வச்சாச்சு. சனிக்கிழமையிலேர்ந்து நீரு கேப்பீரு கேப்பீருன்னு இருக்கேன்."

சிதம்பரவடிவு படியை அரிசிக்குள் விட்டார். ஒரு படி போட்டார். இரண்டாவது படி போட்டார். அடுப்படிச் சுவரில் சான்றிதழ் புகை படிந்து தொங்கியது.

"ஏன்வே," என்றார் சாமி. "தலைப்ப மாத்திக் குடுங்கன்னு மேலிடத்துல கேக்க உங்க ஆபீசுல வழி உண்டா?"

"உண்டு சாமி. ஒரு கடுதாசி எழுதணும்."

"எழுதினீரா?"

படி அரிசிக்குள்ளேயே நின்றது.

"எழுதினாப் பதில் வர ரெண்டு மாசம் ஆகும் சாமி. அதுக்குள்ள மார்ச் போயிரும்."

சாமி விறகை உள்ளே தள்ளிவிட்டார்.

"மார்ச் போகட்டுமேவே. மழைக்கு இன்னும் ஏழு மாசம் கெடந்துதே."