ஆளுக்கொரு முட்டை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சிஷ்யருக்கு ஐம்பத்து நாலு. குரு ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டை ஜன்னலில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். சிஷ்யர் மாட்டு டாக்டர், கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர். தலை பாதி நரைத்த பிறகு புள்ளியியல் கற்றே தீருவேன் என்று பிடிவாதமாக வந்து சேர்ந்தவர்.

குருவின் பெயர் ஜெசிந்தா. சிஷ்யர் திருமேனி. பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த ஆய்வு ஆலோசனை அறைதான் அவர்களுடைய ஆசிரமம். எந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தாலும் கடைசியில் எண்களைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வந்தாக வேண்டும். பருத்திச் செடியை அளந்தவர் வருவார். இறால் குட்டையை அளந்தவர் வருவார். மாணவர்களின் பரீட்சை பயத்தை அளந்தவரும் வருவார்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.

"ஸ்டார் வருமா?"

இரண்டு கூட்டத்துக்கு நடுவே தெரிகிற வித்தியாசம் நிஜமா, தற்செயலாக விழுந்ததா என்று பார்க்கத்தான் சோதனை. தற்செயல் என்று தள்ளிவிட முடியாதபடி வந்தால் அட்டவணையில் அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அந்தக் குறிக்காகப் படித்தவர்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு சோதனையில் வராவிட்டால் இன்னொன்று. அதிலும் வராவிட்டால் இடைஞ்சலாக நிற்கிற நாலு எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து.

மூன்று வருஷத்தில் திருமேனிக்குக் கை பழகிவிட்டது. அவரிடம் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்று துறை துறையாகப் பேச்சு. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஜெசிந்தாவுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

உணவியல் துறையிலிருந்து குலசேகரன் வந்ததும் அந்தப் பேச்சை நம்பித்தான். அவர் ஒரு சத்துமாவு கண்டுபிடித்திருந்தார். ஓர் ஊர் அங்கன்வாடியில் முட்டையை நிறுத்திவிட்டு மாவு கொடுத்தார். பக்கத்து ஊரில் வழக்கம்போல முட்டை. மூன்று மாதம் வாராவாரம் பிள்ளைகளை எடை போட்டார். மாவு தின்ற ஊர்ப் பிள்ளைகள் ஒரு பொடி எடை கூடியிருந்தார்கள். அந்தப் பொடி நிஜம்தான் என்று இந்த அறையிலிருந்து கையெழுத்து கிடைத்தால் போதும். வரப்போகிற மாவட்டச் சத்துணவுக் கூட்டத்தில் அதை வைத்து மாவட்டம் முழுக்க அங்கன்வாடி முட்டையை நிறுத்திவிடலாம். கையெழுத்து இல்லாமல் கூட்டத்தில் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

முதலில் ஸ்டார் வரவில்லை. திருமேனி விடவில்லை. பன்னிரண்டு வாரமும் எடை போட்டதை, வேறு வேறு பிள்ளைபோலத் தனித்தனி வரியாகப் போட்டுப் பார்த்தார். அறுபது பிள்ளைகள் எழுநூற்றிருபது வரிகளாகப் பெருகினார்கள். ஒன்று கேட்ட இடத்தில் மூன்று நட்சத்திரம் வந்து உட்கார்ந்தது.

ஜெசிந்தா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மேசைமேல் எறிந்தார்.

"இதுல எத்தனை பிள்ளைங்க, டாக்டர்?"

"எழுநூத்தி இருபது."

"பிள்ளைங்க?"

"வரி, மேடம். வரி எழுநூத்தி இருபது இருக்கு."

"நான் வரியைக் கேக்கல."

திருமேனிக்குச் சுருக்கென்றது. மாட்டுப் பண்ணையில் ஒவ்வொரு கறவையையும் தனி வரியாகத்தான் எழுதுவோம், முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதினேன், எந்த மாடும் வந்து ஆட்சேபம் சொன்னதில்லை என்றார். பருத்திக்கும் மாட்டுக்கும் செல்லுபடியாகிற சோதனை பிள்ளைக்கு மட்டும் ஏன் செல்லாது என்று குரலை உயர்த்தினார். ஜெசிந்தா கையெழுத்துப் போடாவிட்டால் பரவாயில்லை, தனக்கும் அந்த அதிகாரம் உண்டு, நாளைச் சாயங்காலம் குலசேகரன் வரும்போது தானே போட்டுக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தாவின் முகம் சிவந்துவிட்டது.

"போடுங்க," என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. உங்க கணக்குல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு முட்டை குடுத்துட்டு வாங்க. ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான். ரெண்டாவது குடுக்கக் கூடாது."

மறுநாள் காலை வாசலில் ஜீப் நின்றது. ஹாஸ்டல் மெஸ்ஸில் அவித்த முட்டைகள், அட்டைக்கு முப்பதாகப் பின்சீட்டு நிறைய அடுக்கியிருந்தன. திருமேனிக்கு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எழுநூற்றிருபதுதான் இருக்கும். தன்னை ஊர் ஊராக முட்டை சுமக்க வைத்து அவமானப்படுத்துகிறாள் என்று பல்லைக் கடித்தார். தன்னைவிடப் பதினாறு வயசு சின்னவள் இவள். கொடுத்துவிட்டு வந்து கையெழுத்தைப் போட்டுவிட்டு இந்த அறைப் பக்கமே இனி வருவதில்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனார்.

முதலில் முட்டை ஊர். பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். பழக்கமான சாப்பாடு, ஒருத்தன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காக்கைக்குப் போட்டான். ஓர் அட்டை காலியானது.

அடுத்தது மாவு ஊர். ஆராய்ச்சி முடிந்த பிறகும் அங்கே முட்டை திரும்ப வரவில்லை. முடிவு தெரியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அட்டைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் சத்தம் போடாமல் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். திருமேனி வெடுக் வெடுக்கென்று கொடுத்துக்கொண்டே வந்தார். இரண்டாவது அட்டையும் காலியானது. ஜீப் நிறைய முட்டை அப்படியே இருந்தது. அந்த அடுக்கைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

திரும்பிப் பார்த்தால் வரிசையில் இன்னும் ஒரு பெண் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கவுன். உதட்டோரம் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. கையை நீட்டினாள்.

"உனக்குக் குடுத்தாச்சுல்ல? ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான். போ."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

பிள்ளை நகரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

இவளைத்தான் பன்னிரண்டு பிள்ளைகளாக அவர் எழுதியிருந்தார். பன்னிரண்டு தடவை கூச்சமில்லாமல் எழுதிய கை, இரண்டாவது முட்டைக்குக் கணக்குப் பார்க்கிறது. திருமேனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெசிந்தாமேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அது முழுக்கத் தன்மேலேயே திரும்பியிருந்தது. புதிய அட்டை ஒன்றைப் பிரித்து ஒரு முட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியபோது குலசேகரன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா எழுந்து வெளியே போய் ஜீப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"அறுபது."

"மூணாவது அட்டையில ஒண்ணு குறையுதே."

"ஒரு பொண்ணு ரெண்டாவது தடவை வந்து நின்னுச்சு. குடுத்துட்டேன்."

"அப்ப அறுபத்தோரு பிள்ளைன்னு எழுதிக்கலாமா, டாக்டர்?"

குலசேகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. நேரமாகிறது என்று தாளைத் திருமேனி பக்கம் நகர்த்தினார். திருமேனி அதை எடுத்து இரண்டாகக் கிழித்தார். குலசேகரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மூணு ஸ்டார் நீங்கதானே குடுத்தீங்க?"

"நான்தான் குடுத்தேன். இல்லாத பிள்ளைங்களை எழுதிக் குடுத்தேன்."

குலசேகரன் கத்தித் தீர்த்தார். இந்தக் கூட்டம் போனால் அடுத்த கூட்டம், இந்த அறை இல்லாவிட்டால் இன்னோர் அறை, சோதனை போடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மட்டும்தான் இருக்கிறார்களா என்றார். போகும்போது கதவை அடித்த அடியில் ஜன்னலில் மாட்டியிருந்த ஹெல்மெட் கீழே விழுந்தது.

திருமேனி கிழிந்த தாளை மேசைமேல் வைத்தார். நேற்றே கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாமே என்று ஜெசிந்தாவிடம் கசப்போடு கேட்டார். தடுத்திருந்தால் அடுத்த வாரம் இறால்காரருக்கு இதையே போட்டுக் கொடுத்திருப்பீர்கள் என்றார் ஜெசிந்தா. அவருக்கும் கோபம் ஆறியிருக்கவில்லை.

அது உண்மை என்று திருமேனிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவருக்கு மனது அடங்கவில்லை. அந்த நீட்டிய கை கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அடுத்த கூட்டத்துக்குள்ள அந்த ஆள் சும்மா இருக்க மாட்டார், மேடம். ஸ்டார் போட்டுத் தர்ற வேற ஆளைத் தேடிப் பிடிச்சிருவார்."

ஜெசிந்தா ஜீப் சாவியை அவர் பக்கம் தள்ளினார்.

"அவர் வேற ஆளைத் தேடட்டும். எடை போட உங்க கணக்குல இன்னும் அறுநூத்தி அறுபது பிள்ளைங்க குறையுது. நீங்க வேற பிள்ளைங்களைத் தேடுங்க."